என் அம்மா இரண்டு முறை கொடுத்த நோட்டீஸ்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழின் வாசகர் கடிதம் பகுதியில், சிறப்புத் திருமணச் சட்டத்தில் உள்ள 30 நாள் அறிவிப்பை, அதாவது கல்யாணம் செய்யப் போகிறவர்களின் பெயரையும் விலாசத்தையும் பதிவு அலுவலகத்தில் ஒட்டிவைப்பதை, எக்காரணம் கொண்டும் எடுத்துவிடக் கூடாது என்று ஒரு பெரியவர் எழுதியிருந்தார். பிள்ளை யாரைக் கட்டப் போகிறது என்பதைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள அது ஒன்றுதான் வழி, அதையும் மூடிவிட்டால் சின்னஞ்சிறுசுகள் கெட்டுப்போகும் என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை பொய்யில்லை. எனக்கும் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற மகள் இருக்கிறாள். ஆனால் அந்த 30 நாட்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். என் அம்மா அதை இரண்டு முறை கடந்து வந்தவர். அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேனி மாவட்டத்தில் ஒரு ஊரில் பத்திர எழுத்தர் ஒருவரிடம் 19 வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. அந்தப் பதிவு அலுவலகத்தின் மேல் எனக்குக் குறை ஒன்றும் கிடையாது, சட்டம் சொன்னதைத்தான் அவர்கள் செய்தார்கள். கிரயம், செட்டில்மென்ட், அடமானம், பாகப்பிரிவினை என்று நாள் முழுக்க நான்கெல்லை அடிக்கிற வேலை. நடுவில் எப்போதாவது ஒரு பையனும் பெண்ணும் வந்து நிற்பார்கள். பையன் பேசுவான், பெண் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கும். கல்யாண நோட்டீஸ் என்று அவர்கள் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

இதில் பலருக்கும் ஒரு குழப்பம் உண்டு. இரண்டு பேரும் இந்துக்கள் என்றால், வேறு வேறு சாதியாக இருந்தாலும், இந்த நோட்டீசுக்கு அவசியமே இல்லை. கோயிலில் தாலி கட்டிக்கொள்ளலாம். உற்றார் நண்பர் நாலு பேர் முன்னால் மாலை மாற்றிக்கொள்ளலாம், மோதிரம் போட்டுக்கொள்ளலாம். அதற்கென்றே 1967-ல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது இந்துத் திருமணச் சட்டத்தில் நம் மாநிலத்துக்கு மட்டும் ஒரு பிரிவு சேர்த்தார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டு 90 நாட்களுக்குள் பதிவு செய்தால் சரி. யாருக்கும் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை, எந்தச் சுவரிலும் பெயர் ஏறாது. இரண்டு பேரும் வேறு மதம், இரண்டு பேருக்கும் மதம் மாற விருப்பமில்லை என்கிறபோதுதான் 1954-ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். அங்கேதான் 30 நாள்.

அந்தப் படிவம் ஒரே பக்கம். பெயர், நிலை, தொழில், வயது, குடியிருக்கும் இடம், நிரந்தர முகவரி, அங்கே எத்தனை நாளாகக் குடியிருக்கிறார் என்ற விவரம். இருவரில் ஒருவராவது அந்த எல்லைக்குள் 30 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். அதைக் கொடுத்ததும் ஒரு நகலை அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒட்டுவார்கள். ஒருவருடைய நிரந்தர முகவரி வேறொரு அலுவலக எல்லைக்குள் இருந்தால் அங்கேயும் ஒரு நகல் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். நோட்டீஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம், கட்டணம்கூடக் கிடையாது. நிலத்துக்கு வில்லங்கச் சான்று வாங்கவே மனுப் போட்டுப் பணம் கட்டுகிற ஊரில், ஒரு பெண் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருக்கிறாள் என்பதைச் சும்மாவே பார்க்கலாம்.

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா என் வீட்டுத் திண்ணையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

"ஏத்தா, அந்தக் கல்யாண நோட்டீஸ் ஃபாரம் இன்னமும் அப்படியேதான் இருக்கா? பேரு, நெலமை, தொழிலு, வயசு, குடியிருக்க எடம்னு?"

எட்டாவதோடு நின்றவர் அம்மா. கட்டங்களை வரிசை மாறாமல் சொன்னதும் எனக்குத் திக்கென்றது. ஒனக்கு எப்படிம்மா தெரியும் என்றேன்.

"நானும் ஒருக்கா எழுதிக் குடுத்திருக்கேன். எம்பதுல."

41 வருடம் என்னைப் பெற்று வளர்த்தவர். அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை.

1980-ல் அம்மாவுக்கு 19 வயது. போடியில் ஒரு ஏலக்காய் மண்டியில் காய் பொறுக்குகிற வேலை. மலையிலிருந்து இறங்கி வருகிற காயைத் தரையில் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வெடித்த காய், கருத்த காய், காம்பு எல்லாம் நீக்கி, பருமனுக்குத் தகுந்தபடி சலித்துப் பிரிப்பார்கள். அந்த வேலைக்குப் போகிறவர்கள் சேலையை எத்தனை முறை துவைத்தாலும் ஏலக்காய் வாசம் போகாது. சாயங்காலம் ஒவ்வொருவரும் பொறுக்கியதை எடை போட்டுச் சிட்டையில் எழுதுகிற கணக்குப்பிள்ளைக்கு 24 வயது. கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கிறிஸ்தவ கிராமத்துக்காரர். "எனக்குன்னு ஒரு கிராம் கூட்டி எழுதுனதில்ல. அதுனாலதான் புடிச்சுச்சு" என்றார் அம்மா. அந்தக் காலத்து மண்டியில் தராசுக்காரன் நினைத்தால் ஒரு பெண்ணுக்கு என்னென்ன தொல்லை கொடுக்கலாம் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும்.

இரண்டு வருடம் பழகியிருக்கிறார்கள். பழக்கம் என்றால், தராசுக்கு முன்னால் நிற்கிற நேரம்தான் பழக்கம். அவர் அம்மாவை வேதத்துக்கு வரச் சொல்லவில்லை. அம்மாவும் அவரைத் திருநீறு பூசச் சொல்லவில்லை. ஒரு வக்கீல் குமாஸ்தா இந்தச் சட்டத்தைப் பற்றிச் சொன்னாராம். ஆவணி மாதம் போய் நோட்டீஸ் கொடுத்தார்கள். 30 நாள் கழித்துக் கையெழுத்து, அன்று சாயங்காலம் மதுரை ரயில் என்று திட்டம். ரயில் சார்ஜுக்கான பணத்தை அம்மா அரிசிப் பானைக்குள் முடிந்து வைத்திருந்தார்.

ஒன்பதாவது நாள் என் பெரியப்பா, அப்பாவின் அண்ணன், ஒரு புஞ்சை கிரயத்துக்காக அந்த அலுவலகத்துக்குப் போனார். முறை வரும்வரை நின்றுகொண்டு சுவரில் ஒட்டியிருந்ததை எல்லாம் படித்திருக்கிறார். அம்மாவின் அப்பாவான எங்கள் தாத்தாவுக்கு அவர் சொந்தக்காரர், முறைக்காரர். அன்று ராத்திரியே தாத்தா வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டார். விடிவதற்குள் அம்மாவை ஒரு லாரியில் ஏற்றி ராஜபாளையத்தில் இருந்த சின்னப்பாட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கணக்குப்பிள்ளையை மண்டி வாசலில் வைத்து அடித்தார்கள். அவருக்கு இன்றும் இடது காது கேட்காது. பானைக்குள் இருந்த பணம் என்ன ஆனது என்று அம்மாவுக்குத் தெரியாது. இத்தனை வருடத்தில் அதை யாரிடமும் கேட்க முடியவில்லை என்றார்.

மூன்று மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் நோட்டீஸ் செல்லாது என்பது சட்டம். அது காலாவதியாவதற்கு முன்பே, ஐப்பசியில் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. மாப்பிள்ளை, பெரியப்பாவின் தம்பி. என் அப்பா.

கடிதம் எழுதிய பெரியவருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் யாருக்கும் ஆட்சேபம் சொல்ல உரிமை கொடுக்கிறது. எதற்காகச் சொல்லலாம் என்றும் வரையறுத்திருக்கிறது. ஏற்கெனவே கணவனோ மனைவியோ உயிரோடு இருக்கிறார், வயது ஆகவில்லை, மனநலம் சரியில்லை, கட்டிக்கொள்ளக் கூடாத உறவு, இப்படித்தான். வேறு மதம், வேறு சாதி, எங்களுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் அதில் கிடையாது. என் தாத்தா ஆட்சேபம் எழுதிக் கொடுக்கவில்லை. எழுத அவரிடம் காரணம் இல்லை. அவருக்குத் தேவைப்பட்டது அந்தத் தாளில் இருந்த தேதியும் விலாசமும் மட்டும்தான். என்றைக்குள் பெண்ணைத் தூக்க வேண்டும், அவனை எங்கே போய்ப் பிடிக்க வேண்டும் என்பதை அரசாங்கமே எழுதி ஒட்டியிருந்தது.

அப்பாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவரைத் தப்பாக நினைப்பீர்கள். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டினார். விடிகாலையில் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, இருட்டுவதற்குள் ஆட்களைப் பத்திரமாக இறக்கிவிடுவார். ஒரு நாள்கூட வண்டியை எங்கும் உரசியதில்லை. கல்யாணமாகி மூன்றாவது மாதம் அம்மா அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாராம். அப்புறம், "சரி, சோத்தப் போடு" என்றாராம். அதற்கப்புறம் 2013-ல் சாகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, குத்தல் இல்லை. தன் அண்ணன்தான் போர்டைப் பார்த்துச் சொன்னவர் என்பது மட்டும் அப்பாவுக்குத் தெரியாது. அம்மா சொல்லவில்லை. "அண்ணன் தம்பிக்குள்ள நான் எதுக்கு நெருப்பு வைக்க?" என்றார். கடைசி இரண்டு வருடம் அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அம்மாதான் பஸ்ஸில் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். அம்மா அப்பாவோடு ஒழுங்காக வாழ்ந்தாரா என்று என் முகத்துக்கு நேராகக் கேட்ட சொந்தக்காரர்கள் உண்டு. 32 வருடம் வாழ்ந்தார். அதற்கு நானும் என் தம்பியும் சாட்சி.

எனக்கு ஆறாமல் இருப்பது பெரியப்பா விஷயம்தான். நான் பத்தாவது முடித்ததும், பெண் பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் வேண்டும் என்று சொல்லி டைப்ரைட்டிங் லோயர், ஹையர் இரண்டுக்கும் பணம் கட்டியவர் அவர். அந்தப் படிப்பில்தான் இன்றுவரை சாப்பிடுகிறேன். அவர் இறந்தபோது அம்மா ஓரமாக உட்கார்ந்திருந்தார், அழவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

சரி, அந்தக் கணக்குப்பிள்ளையை மறுபடி எப்படிப் பார்த்தார் என்று அம்மாவிடம் கேட்டேன். 2021 கடைசியில், இலவசக் கண்புரை முகாமில். ஆபரேஷன் முடிந்து ஒரு கண்ணில் கட்டோடு பெஞ்சு பெஞ்சாக உட்கார வைத்திருக்கிறார்கள். அம்மாவின் பெயரை, தாத்தா பெயரைச் சேர்த்து நர்ஸ் கூப்பிட்டிருக்கிறார். அம்மா "இந்தா இருக்கேன்" என்று குரல் கொடுத்திருக்கிறார். எதிர் பெஞ்சில் ஒருவர் வலது காதை இந்தப் பக்கம் திருப்பி, "இன்னொருக்கா சொல்லுங்க" என்றாராம். அவருடைய மனைவி 2019-ல் இறந்துவிட்டார். இரண்டு மகள்கள். சாந்தன்பாறைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருந்தார். ஒரு வருடத்துக்கு மேல் செல்போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். மாத்திரை சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா என்கிற பேச்சு. எனக்குத் தெரியாது. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, தினமும் சாயங்காலம் நடக்கப் போகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். அம்மா அந்தப் படிவத்தைக் கேட்டார். என் மேசை டிராயரில் 20 தாளாவது இருந்தது, கம்ப்யூட்டரில் வேறு இருந்தது. "ஃபாரம் தீர்ந்துபோச்சும்மா, வரணும்" என்றேன். மார்ச்சில் கேட்டார். அதையே சொன்னேன். ஏப்ரலில் கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தார். மகளுக்கு நாளைக்கு வரன் பார்க்கும்போது என்ன சொல்வார்கள், தெருவில் எப்படி நடப்பது, தம்பி என்ன சொல்வான், எல்லாம் எனக்குள் ஓடியது. என் வீட்டுக்காரர், "அத்தை கேட்டத அடிச்சுக் குடு. அவங்க கேட்டு நாம என்னத்தச் செஞ்சிருக்கோம்?" என்றார். அப்போதும் செய்யவில்லை. ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் அடித்துக் கொடுத்த கை அம்மாவுக்கு அடிக்கவில்லை. தாத்தா லாரியில் ஏற்றினார். நான் படிவம் இல்லை என்றேன்.

ஜூன் மாதம் ஒரு பையனும் பெண்ணும் வந்தார்கள். அவள் நர்ஸ் வேலை பார்க்கிறாள், 22 வயது. அவன் இரண்டு வயது மூத்தவன். வேறு வேறு மதம். நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன். 'குடியிருக்கும் இடம்' என்ற கட்டத்தில் ஹாஸ்டல் பெயரைப் போடலாமா, வீட்டைப் போடணுமா என்று அந்தப் பெண் இரண்டு முறை கேட்டாள். நிரந்தர முகவரியும் போட வேண்டும் அம்மா, கட்டம் இருக்கிறது என்றேன். பன்னிரண்டாவது நாள் மத்தியானம் இரண்டு ஆண்கள் அலுவலக வாசலில் பைக்கை நிறுத்திவிட்டு வந்தார்கள். பத்திர வேலையாக வந்தவர்கள் மாதிரி இல்லை. போர்டுக்கு முன்னால் நின்று ஒவ்வொரு தாளாகப் படித்தார்கள். ஒன்றை மட்டும் செல்போனில் படம் பிடித்தார்கள். என் நாற்காலியிலிருந்து போர்டு நன்றாகத் தெரியும். அந்தப் பெண்ணின் நம்பர் என் நோட்டில் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். நமக்கெதற்கு வம்பு என்று கீழே வைத்துவிட்டேன்.

முப்பதாவது நாளுக்கு அப்புறம் தினமும் வாசலைப் பார்த்தேன். இரண்டு பேரும் வரவில்லை. என்ன ஆனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நம்பருக்குக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வருகிறது.

அந்த வாரம்தான் அம்மாவுக்கான படிவத்தை அடித்தேன். 'நிலை' என்ற கட்டத்தில் 1980-ல் 'மணமாகாதவர்' என்று எழுதியிருப்பார்கள். நான் 'விதவை' என்று அடித்தேன். அவருக்கு 'மனைவியை இழந்தவர்'. அம்மாவுக்கு வயது 62, அவருக்கு 67. விலாசத்தை அடிக்கும்போது கை நின்றது. அடிக்காமல் இருக்க முடியாது.

ஜூலையில் கொடுத்தோம். அவருடைய கிராமம் வேறு அலுவலக எல்லை என்பதால் இரண்டு ஊரில் ஒட்டினார்கள். 1980-ல் ஒரு ஆள் நின்று படித்து நடந்து போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த முறை நாலாவது நாளே படம் எங்கள் சொந்தக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் இருந்தது. அம்மாவின் பெயர், வயது, வீட்டு எண், தெரு. கீழே அவரவர் எழுதியதை இங்கே எழுத மாட்டேன். பேரன் பேத்தி எடுத்த வயதில் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போனது. ராத்திரி வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடினார்கள். அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். சொத்துக்காக என்று பேச்சு வந்ததும், அம்மா வீட்டை எனக்கும் தம்பிக்கும் செட்டில்மென்ட் எழுதி, தன் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையை மட்டும் வைத்துக்கொண்டார். அந்தப் பத்திரத்தையும் நான்தான் அடித்தேன். தம்பி அதற்கப்புறம் பேச ஆரம்பித்தான். அதில் எனக்கு இன்னும் வருத்தம்.

இருபத்து நாலாவது நாள், பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன் முறை, ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அம்மாவுக்கு மனநலம் சரியில்லை என்று. ஆட்சேபம் வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அதுவரை கல்யாணம் நடக்காது. அம்மா அரசு டாக்டரிடம் போய்த் தனக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று எழுதி வாங்கினார். விசாரணை நாளன்று அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார். பெயர், பிள்ளைகள், இன்றைக்கு என்ன தேதி. எல்லாவற்றுக்கும் அம்மா பதில் சொன்னார். பக்கத்தில் நின்ற அண்ணன் நடுவில் புகுந்து, "இந்த வயசுல எதுக்கு இதுன்னு கேளுங்க சார்" என்றார். அம்மா அலுவலரைப் பார்த்தே சொன்னார்: "அதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்லீங்களே சார்."

ஆட்சேபம் தள்ளுபடியானது. ஆவணி மாதம் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்று சாட்சி வேண்டும். நான், என் வீட்டுக்காரர், அவருடைய மூத்த மகள். இன்னாரை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன் என்று அவரவர் மொழியில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அம்மா கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். காது கேட்காதவருக்காகச் சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சாயங்காலம் இருவரும் போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனார்கள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய ரயில், தேனிவரை 2022-லும் போடிக்கு 2023 ஜூன் 15-ஆம் தேதியும்தான் திரும்பி வந்தது. அம்மா அவருடைய வலது பக்கம் உட்கார்ந்தார். கேட்கிற காது அந்தப் பக்கம். டிக்கெட் காசை அம்மாதான் கொடுத்தார்.

என் பிள்ளைகள் அவரைத் தாத்தா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் முறை எதுவும் வைக்காமல் வாங்க, சாப்பிடுங்க என்றுதான் பேசுகிறேன். அவர் அதைக் கேட்டதில்லை.

ஆசிரியர் அவர்களே, 30 நாள் காத்திருப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. அலுவலர் வயதுச் சான்றைப் பார்க்கட்டும், முதல் கல்யாணம் இருக்கிறதா என்று விசாரிக்கட்டும், அதற்கு நாள் எடுத்துக்கொள்ளட்டும். ஒட்டுவதை நிறுத்துங்கள் என்கிறேன். 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், நோட்டீசை வெளியிட வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த ஜோடியே எழுதிக் கொடுக்கலாம், அவர்கள் கேட்காவிட்டால் வெளியிடக் கூடாது என்று சொன்னது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில், இணையத்தில் ஏற்றிய நோட்டீஸ்களை எடுத்துச் சமூக வலைத்தளங்களில் பரப்புகிறார்கள் என்று தெரிந்ததும், 2020 ஜூலையில் இணையத்தில் ஏற்றுவதை நிறுத்தினார்கள். அங்கேயும் சுவர் அப்படியேதான் இருக்கிறது. கல்யாணச் சட்டம் மத்திய அரசும் மாநில அரசும் இரண்டும் கைவைக்கக் கூடிய பொதுப் பட்டியலில்தான் உள்ளது. 1967-ல் இந்துத் திருமணச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்த சட்டமன்றம், மதம் மாறாமல் கல்யாணம் செய்ய நினைக்கிற பிள்ளைகளுக்காக இந்தச் சட்டத்தில் விலாசக் கட்டத்தை மறைக்கவாவது ஒரு திருத்தம் கொண்டுவரலாம். எங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டார்.

பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறார் அந்தப் பெரியவர். என் மகள் யாரையாவது விரும்பினால் எனக்கும் தெரியத்தான் வேண்டும். அதை அவள் என்னிடம் வந்து சொல்கிற மாதிரி நான் இருக்க வேண்டும். அதற்காக இப்போதெல்லாம் ராத்திரி அவளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பாட்டி கதையை முழுதாக அவளிடம் சொல்லிவிட்டேன், நான் படிவம் இல்லை என்று சொன்னதையும் சேர்த்து.

இன்னொன்று. 2023 ஜூன் மாதம் எங்களிடம் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத் திரும்பி வராத அந்தப் பிள்ளைகள் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் நோட்டீஸ் காலாவதியாகிவிட்டது. ஆனால் மறுபடி கொடுக்கலாம், எத்தனை முறை வேண்டுமானாலும் கொடுக்கலாம். கட்டணத்தை நான் கட்டுகிறேன். போர்டுக்கு முன்னால் யாராவது வந்து நின்றால் இந்த முறை போன் செய்வேன். அதே நாற்காலியில்தான் இருக்கிறேன், ஞாயிறு தவிர எல்லா நாளும்.

பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
பத்திரத் தட்டச்சு வேலை பார்க்கும் ஒரு வாசகி,
தேனி மாவட்டம்.